பின் கதவுக்கு பவர் விண்டோ: கை செஞ்ச வேலையை மோட்டார் செய்யுமா?

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை வழியா வெள்ளிமலைக்கு கார்ல போனவங்களுக்கு இது பழக்கமான விஷயம். மேல ஏற ஏற காத்து குளுகுளுன்னு வரும், எல்லாரும் கண்ணாடியை இறக்கிடுவாங்க. ஐப்பசி, கார்த்திகையில திடீர்னு மழை பிடிச்சா முன் கண்ணாடி ஸ்விட்ச்ல ஏறிடும். பின் கண்ணாடியை ஒருத்தர் உக்காந்து சுத்தணும். நம்ம கள்ளக்குறிச்சி பக்கம் ஓடுற சின்ன கார்கள்ல, முன் கதவுக்கு மட்டும் பவர் விண்டோ இருக்கிற மாடல்கள் நிறைய. பின்னாடியும் மாத்திடலாமான்னு கேட்டா, தாராளமா மாத்தலாம். ஆனா ஹேண்டிலை சுத்துன கை, கண்ணாடி இறுகுதா, நடுவுல ஏதாவது மாட்டுதான்னு உணர்ந்துச்சு. சாதாரண கிட்ல வர்ற மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. அந்தக் குறையை ஒயரிங்லதான் சரிக்கட்டணும்.

கிட் ரெண்டு வகை. ஒண்ணு, பழைய ரெகுலேட்டரை அப்படியே வச்சு, ஹேண்டில் இருந்த தண்டை மட்டும் மோட்டாரால சுத்துறது. இன்னொண்ணு, உங்க மாடலுக்குன்னே மோட்டாரோட வர்ற முழு ரெகுலேட்டர். ரெண்டாவது கதவுக்குள்ள கச்சிதமா உக்காரும்.

எதைப் போட்டாலும், முதல்ல கண்ணாடியைக் கையால ஏத்தி இறக்கிப் பாருங்க. இறுக்கமா இருந்தா, ஓரத்து ரப்பர்ல தூசி அடைஞ்சிருக்கும், இல்லைன்னா ரப்பர் காய்ஞ்சிருக்கும். துடைச்சு சிலிக்கான் ஸ்ப்ரே அடிங்க. கிரீஸ் வேண்டாம், அது தூசியைப் பிடிக்கும். இறுகின கண்ணாடியோட மோட்டாரைக் கட்டினா மோட்டார் சீக்கிரம் போயிடும்.

அடுத்தது கரண்ட். கண்ணாடி லேசா ஓடும்போது மோட்டார் சில ஆம்பியர்தான் எடுக்கும். சிக்கி நின்னுட்டா 15 ஆம்பியருக்கு மேலகூட இழுக்கும். அதனால சிகரெட் லைட்டர் ஒயர்ல ஒட்டுப்போட்டு லைன் எடுக்கிறது ஆபத்து. பேட்டரியிலிருந்து தனி லைன், பேட்டரிக்குப் பக்கத்துலயே கிட்ல சொல்லியிருக்கிற ஃப்யூஸ், அதுக்கு ஏத்த தடிமனான ஒயர். நடுவுல ஒரு ரிலே வச்சு, சாவி போட்டாதான் கண்ணாடி வேலை செய்யுற மாதிரி பண்ணச் சொல்லுங்க. வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ஒயர் ரப்பர் குழாய்க்குள்ள போகணும். இல்லைன்னா கதவைத் திறந்து மூடுறதுலயே ஒயர் அறுந்துடும்.

டோர் பேடைக் கழட்டினா உள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழியா கதவுக்குள்ள இறங்குற மழைத்தண்ணி காருக்குள்ள வராம தடுக்கிறது அதுதான். அந்தத் தண்ணி கதவோட அடியில இருக்கிற ஓட்டை வழியா வெளிய போயிடும். வேலை முடிஞ்சதும் ஷீட்டைக் கிழிசல் இல்லாம திரும்ப ஒட்டினாங்களா, ஓட்டை அடைக்காம இருக்கான்னு பாத்து வண்டியை எடுங்க.

முக்கியமானது, பின் சீட்டுல உக்கார்றது பெரும்பாலும் குழந்தைங்க. தலையை வெளிய நீட்டி, முழங்காலை ஸ்விட்ச் மேல ஊன்றினா கண்ணாடி ஏறி கழுத்தை நெரிச்சுடும். அமெரிக்காவுல இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகு, ஸ்விட்சை மேல இழுத்தாதான் கண்ணாடி மூடணும்னு 2005-ல சட்டமே கொண்டுவந்தாங்க. அதனால இழுத்து மூடுற ஸ்விட்ச் உள்ள கிட்டையே வாங்குங்க. டிரைவர் பக்கத்துல பின் கண்ணாடிகளை லாக் பண்ற ஸ்விட்சும் இருக்கணும். கைவிரல் பட்டா தானா இறங்குற வசதி சாதாரண கிட்ல இருக்காது.

கடைசியா, ஹேண்டில் போயிட்டா கையால ஏத்த முடியாது. மோட்டார் கியர் கண்ணாடியை இறுக்கிப் பிடிச்சுக்கும். மலையில மோட்டார் திணறினா, ஒருத்தர் ஸ்விட்சைப் பிடிக்க, இன்னொருத்தர் கண்ணாடியோட ரெண்டு பக்கமும் உள்ளங்கையை வச்சு மேல தள்ளுங்க. பெரும்பாலும் ஏறிடும். அசையலைன்னா ஃப்யூஸைப் பாருங்க. ஒரு உபரி ஃப்யூஸ் டேஷ்போர்டுல எப்பவும் இருக்கட்டும்.