பர்மா பஜாரில் "பாரின்" மவுசு போச்சு!

"சார், வாட்ச்! சார், சென்ட்!"

சென்னை கடற்கரை ரெயில் நிலையத்தில் இறங்கி பாரிமுனைக்கு நடப்பவர்கள் இந்தக் குரலுக்குத் தப்ப முடியாது. ராஜாஜி சாலை ஓரம் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னக் கடைகள்தான் பர்மா பஜார்.

கப்பலில் வந்தவர்கள்

1964-ல் பர்மாவின் நீ வின் ராணுவ ஆட்சி கடைகளை அரசுடைமை ஆக்கியது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்த தமிழர்கள் கட்டிய துணியோடு கப்பல் ஏறினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-ல் உருவானது இந்தப் பஜார். (மாலையில் பாரிமுனைப் பக்கம் மணக்கிறதே அத்தோ, அதுவும் அவர்களோடு வந்ததுதான்.)

குருவிகள்

அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. லைசென்சு வேண்டும், வரியோ தலைக்கு மேல்! ஆனால் பஜாரில் ஜப்பான் கடிகாரம், டூ-இன்-ஒன், நைலக்ஸ் புடவை, வீடியோ கேசட் எல்லாம் கிடைத்தன. சிங்கப்பூருக்குப் பறந்து மூட்டையோடு திரும்பும் "குருவி"கள் கொண்டு வந்தது பாதி. கடத்தல் சரக்கும் கலந்தே இருந்தது. சுங்க அதிகாரிகள் "ரெய்டு" வருவார்கள். மறுநாள் கடை மறுபடி நடக்கும். மாப்பிள்ளைக்கு வாட்ச் வாங்க வெளியூரில் இருந்து ஆள் வரும். பேரம் பேசத் தெரியாதவன் அந்தப் பக்கமே போகக்கூடாது என்பார்கள்.

கன்டெய்னர்

1991-ல் பொருளாதாரக் கொள்கை மாறியது. 2001 ஏப்ரல் 1-ந்தேதி, மிச்சம் இருந்த 715 பொருள்கள் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடும் எடுபட்டது. ஒளித்து மறைத்து வந்த சாமான்கள், எதிரே உள்ள துறைமுகத்திலேயே ரசீதோடு கன்டெய்னர் கன்டெய்னராக இறங்கின. வியாபாரிகள் சிங்கப்பூரை விட்டுவிட்டு, சரக்குப் பிடிக்க சீனாவின் யிவூவுக்கும் குவாங்சோவுக்கும் ஓடினார்கள்.

விலை சரிந்தது. வாங்குகிறவனுக்குக் கொண்டாட்டம்தான். பஜார்க்காரருக்கு? மற்ற இடத்தில் கிடைக்காததை விற்றதால்தான் அவருக்கு லாபம். இன்று அதே சார்ஜர் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. செல்போனைத் தடவினால் வீட்டு வாசலுக்கே வருகிறது! நடுவில் திருட்டு சி.டி. கொஞ்ச காலம் கைகொடுத்தது. போலீஸ் சோதனை ஒரு பக்கம், இன்டர்நெட் மறுபக்கம்... அதுவும் படுத்துவிட்டது.

இப்போது செல்போன் கவர், ஹெட்போன், டிரிம்மர், சென்ட் என்று வண்டி ஓடுகிறது. சில கடைகளில் விற்பனையை விட ரிப்பேர் வேலைதான் அதிகம். ஆபீஸ் விட்டுப் போகிறவர்கள் உடைந்த செல்போனை நீட்டிவிட்டு, ரெயிலுக்கு நேரமாகுது என்று பறக்கிறார்கள். மாற்றிப் போடும் கண்ணாடியும் சீனச் சரக்குதான்.