எங்கே கட்டினால் குழாய் பாடும்?

ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "காயலான் கடையில் எடைக்கு வாங்கிய அலுமினியக் குழாயை அறுத்து வாசலுக்கு விண்ட் சைம் செய்தேன். மேல் நுனியில் ஓட்டை போட்டு போல்ட்டால் முறுக்கித் தொங்கவிட்டேன். 'டொக்' என்று ஒலித்து நின்றுவிடுகிறது. குழாய் மட்டமா?"

குழாயில் குறை இல்லை. ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை சிப்காட்களை ஒட்டிய பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் துண்டுக் குழாயே இதற்குப் போதும். கட்டிய இடம்தான் தப்பு. 500 மில்லிமீட்டர் குழாய் என்றால் நுனியிலிருந்து 112 மில்லிமீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும். நீளம் எதுவானாலும் கணக்கு ஒன்றே: 22.4 சதவீதம்.

இந்த எண் எப்படி வந்தது என்று சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. தட்டியதும் குழாய் வளைந்து வளைந்து நிமிர்கிறது. அந்த அதிர்வை வெளியிலிருந்து யாரும் தள்ளிக்கொண்டிருக்கவில்லை. ஆகவே அதனால் குழாயின் எடை மையம் நகர முடியாது. நடு ஒரு பக்கம் போனால் இரு நுனிகளும் எதிர்ப்பக்கம் போயாக வேண்டும். எதிரெதிராகப் போகும் பகுதிகளுக்கிடையே அசையாத புள்ளி இருந்தே தீரும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு.

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் புறப்பாட்டில் ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் ஏற்றும் நீண்ட தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாகனத்தை இறக்கியாயிற்று, வெறும் தண்டு மட்டும் துள்ளுகிறது. நுனியில் நிற்பவர் தோள்தான் அதிகம் உதறும். நடுவில் நிற்பவருக்கு அதில் பத்துக்கு ஆறு பங்கு, அதுவும் நேர் எதிர்த்திசையில். 22.4 சதவீதத்தில் நிற்பவருக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனால் அவர் தோளில் தண்டு முன்னும் பின்னும் சாய்ந்துகொண்டே இருக்கும். லேசாகத் தாங்கினால் துள்ளல் தொடரும். இரு கையாலும் இறுக்கிப் பிடித்தால் அடங்கிவிடும். வாசகரின் போல்ட் செய்த வேலை இதுதான். சரியான இடத்தில் போட்டிருந்தாலும் அது ஓசையைக் குடித்திருக்கும். நைலான் நரம்பு போதும்.

அளவுகோல் இல்லாமலும் இந்த இடத்தைப் பிடிக்கலாம். குழாயை இரு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்து, நடுவில் மரக்கரண்டியால் தட்டிக்கொண்டே பிடியை மேல் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள். மொட்டையாக இருந்த ஒலி ஓரிடத்தில் சட்டென்று திறந்து நீளும். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அலுக்காத சோதனை.

இன்னொரு லாபமும் உண்டு. குழாயின் இரண்டாவது அதிர்வு முதலாவதைப்போல் 2.76 மடங்கு, முழு எண் இல்லாததால் சுருதியோடு ஒட்டாது. அதன் அசையாப் புள்ளிகள் 13.2 சதவீதத்திலும் நட்டநடுவிலும் உள்ளன. 22.4இல் கட்டிய நரம்பு அதைத் தேய்த்து அடக்குகிறது. மிருதங்கத்தில் வலந்தலையின் கறுப்புக் கரணை மேல்சுரங்களை ஒழுங்குபடுத்துவதை சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். குழாய்க்குக் கரணை பூச முடியாது. கட்டும் இடம்தான் துணை.

528 ஹெர்ட்ஸில் நோய் தீர்க்கும் என்று விற்கப்படும் காற்றுமணிகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 528க்குச் சுருதி சேர்த்த குழாயைத் தட்டினால் 1,455, 2,853 ஹெர்ட்ஸ்களும் கூடவே எழும். ஒற்றை எண்ணின் மகிமை என்ற பேச்சு அங்கேயே உடைகிறது. குணமாகும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. காசை அங்கே போடாதீர்கள்.

வரலாறு சுருக்கமாக: வளையும் தண்டின் கணக்கை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லரும் டேனியல் பெர்னூலியும் போட்டார்கள். ஹம்பி விட்டலர் கோயில் இசைத்தூண்கள் உள்ளே பொள்ளல் என்ற கதையை, 2008இல் வெளியான கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மைய ஆய்வு முடித்துவைத்தது. அவை திடமான கல். வளைந்து அதிர்வதால்தான் ஒலிக்கின்றன.

இனி அறுக்கலாம். 25 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம், 500 நீளமுள்ள அலுமினியக் குழாய் சுமார் 600 ஹெர்ட்ஸ் தரும். இரும்பிலும் ஏறக்குறைய அதேதான். எடையோடு விறைப்பும் கூடுவதால் இரண்டும் ஈடாகிவிடுகின்றன. பித்தளை மூன்றில் ஒரு பங்கு தணியும். ஒரு ஸ்தாயி ஏற்ற நீளத்தைப் பாதியாக்கக் கூடாது, அது இரண்டு ஸ்தாயி ஏறிவிடும், 354 போதும். தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த இரும்புக் குழாயில் ஒலி விட்டுவிட்டு அலையும். பற்றவைத்த கோட்டால் இரு திசை வளைவுகளுக்கும் சுருதி கொஞ்சம் வேறுபடுவதே காரணம். எனக்கு அந்த அலைவு பிடிக்கும். பிடிக்காதவர்கள் கோட்டுக்கு நேராகவோ செங்குத்தாகவோ கட்டை மோதும்படி குழாயைத் திருப்பித் தொங்கவிடலாம். அறுக்கும்போது ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, பிசிறு தட்டிய பிறகு அரத்தால் சுருதி சேருங்கள். ஒரு மில்லிமீட்டர் அராவினால் 600 சுமார் 602 ஆகும்.