சிறு மோட்டார் வண்டியின் எஞ்சினும் பெங்களூரின் காற்றும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் பெட்ரோலால் ஓடுகிறது என்று கூறுவது வழக்கம். இஃது உண்மையில் ஒரு பாதியே ஆகும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோகிராம் காற்று தேவைப்படுகிறது. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமாயினும் எளிதிற் செலுத்தி விடலாம். காற்றைச் செலுத்துவதே கடினம். ஆதலின், எஞ்சினின் திறனைப் பெருக்க விரும்பும் எவரும் முதலில் ஆராய வேண்டுவது, அது மூச்சு விடும் முறையையே ஆகும்.

வெளியூர்ப் பணிகளை மேற்கொள்ளும் அலுவலர்களும் ஆசிரியர்களும் பழைய சிறு வண்டிகளைப் பயன்படுத்தி வருவது இன்றும் காணக்கூடியதே. அத்தகைய வண்டியின் எஞ்சினைத் திருத்தியமைத்தால் அதிக விசையும் விரைவும் கிட்டும் என்ற ஆலோசனை, பெங்களூரு ஜே.சி. ரோடு போன்ற உதிரிப்பாகக் கடைவீதிகளில் எளிதாகக் கிடைக்கும். இவ்வாலோசனையில் எவ்வளவு உண்மை உளது, அதற்குக் கொடுக்க வேண்டிய விலை யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எஞ்சின் உட்கொள்ளும் காற்று

நம் நாட்டில் மிகப் பரவலாகப் பழகிய சிறு வண்டியாகிய மாருதி 800-ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு ஜனவரியில் நின்றது. இதன் எஞ்சினில் 3 சிலிண்டர்கள் உள. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 72 மில்லிமீட்டர். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 265 கன சென்டிமீட்டர் எனவும், மூன்றும் சேர்ந்து 796 கன சென்டிமீட்டர் எனவும் விளங்கும்.

நான்கு வீச்சு எஞ்சினாதலால், சிலிண்டர் ஒவ்வொன்றும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை காற்றை உள்ளிழுக்கிறது. நிமிடத்திற்கு 5,000 சுழற்சியில் ஓடும்போது சிலிண்டர்கள் முற்றிலும் நிறைவதாகக் கொண்டால், நிமிடந்தோறும் ஏறத்தாழ 1,990 லிட்டர் காற்று உட்செல்ல வேண்டும். நடைமுறையில் அவ்வாறு நிறைவதில்லை. காற்று வடிகட்டி, கார்புரேட்டரின் குறுகிய தொண்டை, வளைந்த குழாய்கள், வால்வின் விளிம்பு ஆகிய ஒவ்வொன்றும் காற்றைத் தடுக்கின்றன. எஞ்சினைத் திருத்தும் கலையின் பெரும்பகுதி இத்தடைகளைக் குறைப்பதேயாகும்.

மேட்டு நில நகரின் இயல்பு

பெங்களூரு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. பெங்களூரின் குளிர்ச்சி இக்குறையில் ஒரு சிறு பகுதியை ஈடு செய்கிறது. எனினும், சென்னையில் 33 பாகை வெப்பமும் பெங்களூரில் 24 பாகை வெப்பமும் உள்ள ஒரு நாளில், ஒரே அளவு காற்றின் எடை பெங்களூரில் சுமார் 8 சதவீதம் குறைவாகவே இருக்கும். எஞ்சினின் திறனும் ஏறக்குறைய அவ்வளவே குறைகிறது. சென்னையில் 37 குதிரைத் திறன் தரும் எஞ்சின் பெங்களூரில் 34 அளவே தரும். இது எஞ்சினின் பழுதன்று, இடத்தின் இயல்பு.

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் மற்றொரு விளைவும் உண்டு. காற்றின் அடர்த்தி குறையுமிடத்துக் கார்புரேட்டர் பெட்ரோலை அதே விகிதத்தில் குறைப்பதில்லை. கலவையில் பெட்ரோல் 4 அல்லது 5 சதவீதம் மிகுந்து விடுகிறது. மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் வண்டிகளில் இக்குறையைக் கருவியே சரி செய்து கொள்கிறது.

உயரத்தின் இவ்விடையூறு விமான எஞ்சின்களை உருவாக்கியோர்க்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. காற்றை முன்கூட்டியே அமுக்கிச் சிலிண்டருக்குள் செலுத்தும் பொறியை அமைத்து அவர்கள் அதனை வென்றனர். இதே தத்துவம் இன்று டர்போ சார்ஜர் என்ற பெயரில் சிறு வண்டிகளிலும் வழங்குகிறது. ஆயினும், அதற்கென வடிவமைக்கப்படாத எஞ்சினில் அதனைப் பொருத்தினால், பிஸ்டனும் தாங்கிகளும் குளிர்விக்கும் அமைப்பும் தாங்கவியலாத சுமைக்கு உள்ளாகும்.

திறனும் உடன்பாய்ச்சலும்

திறன் வேறு, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடன் வண்டி பாயும் தன்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பல தவறுகளுக்குக் காரணமாகிறது. முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கக் கிடைப்பது திறன். உடன்பாய்ச்சலோ குறைந்த வேகத்தில் கிடைக்கும் முறுக்கு விசையையும், கியர் விகிதத்தையும், சுழலும் பாகங்களின் எடையையும் பொறுத்தது.

தொழிற்சாலையே செய்த ஒரு திருத்தம் இதனை நன்கு விளக்கும். மாருதி 800-இன் பழைய எஞ்சினில் சிலிண்டர் ஒன்றுக்கு 2 வால்வுகள் இருந்தன. நிமிடத்திற்கு 5,000 சுழற்சியில் அது சுமார் 37 குதிரைத் திறன் தந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆல்ட்டோ வண்டியில் அதே 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடன், சிலிண்டர் ஒன்றுக்கு 4 வால்வுகளும் எரிபொருள் பீய்ச்சும் அமைப்பும் கொண்ட எஞ்சின் இடம்பெற்றது. அதன் திறன் 6,200 சுழற்சியில் சுமார் 46 குதிரைத் திறனாக உயர்ந்தது. ஆனால் மிகுந்த அளவு முறுக்கு விசை 59 நியூட்டன் மீட்டரிலிருந்து 62 அளவிற்கே ஏறியது. அதுவும் 2,500 சுழற்சிக்குப் பதிலாக 3,000 சுழற்சியில் கிட்டியது. அதாவது, கூடுதல் திறனின் பெரும்பகுதி எஞ்சின் அதிக வேகத்திலும் தடையின்றி மூச்சு விட்டதால் பெற்றதேயாகும். போக்குவரத்து நெரிசலில் 1,500 முதல் 3,000 சுழற்சிக்குள் வண்டியோட்டுவோர்க்கு அதன் பயன் சிறிதே.

பந்தயக் களத்தின் படிப்பினை

இந்தியாவில் சிறு வண்டி எஞ்சினைப் பந்தயத்திற்குப் பண்படுத்தியவர்களுள் கோயமுத்தூரைச் சேர்ந்த கரிவரதன் குறிப்பிடத்தக்கவர். மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை அவர் உருவாக்கினார். குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயம் பழக அவை வழி செய்தன. பின்னர் 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் இவ்வகை வண்டியே. 1995ஆம் ஆண்டு விமான விபத்தொன்றில் கரிவரதன் மறைந்தார். கோவையை அடுத்துள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றுள்ளது.

பந்தய எஞ்சினில் வால்வுகள் நெடுநேரம் திறந்திருக்குமாறு காம் தண்டு மாற்றப்படும். காற்று வழிகள் இழைத்து வழவழப்பாக்கப்படும். ஃப்ளைவீல் எனப்படும் கனத்த சக்கரத்தின் எடை குறைக்கப்படும். இம்மாற்றங்கள் யாவும் உயர் வேகத்தில் பயன் தருவன. அதே எஞ்சின் நகரச் சாலையில் குறைந்த வேகத்தில் திணறும்; நின்றவிடத்தில் அதிர்ந்து ஓடும்; புறப்படும்போது அடிக்கடி நின்றுவிடும். பந்தயக் களத்தில் குணமாக விளங்குவது சாலையில் குற்றமாக மாறுகிறது. மேலும், பந்தய எஞ்சின் அடிக்கடி பிரித்துப் பார்க்கப்படுவது. நம் வண்டியோ ஆண்டுக்கணக்கில் பிரிக்கப்படாமல் ஓட வேண்டுவது.

மலைச்சாலையில் இறங்கும்போது

சிலிண்டர் தலையை இழைத்து அமுக்க விகிதத்தை உயர்த்துவது பட்டறைகளில் பழகிய மற்றொரு முறை. விகிதம் 8.7-லிருந்து 9.7 ஆக உயர வேண்டுமாயின், ஒரு சிலிண்டரின் எரிஅறையில் 4 கன சென்டிமீட்டர் அளவைக் குறைத்தல் போதும். இதனால் கொள்கையளவில் கிடைக்கும் ஆதாயம் சுமார் 3 சதவீதமே. ஆனால் கலவை அதிகமாக அமுக்கப்படும்போது, தீப்பொறியின் சுடர் சென்றடையுமுன்னரே எஞ்சிய கலவை தானே வெடித்தெரியும் அபாயம் உண்டு. சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை எழுப்பும் இந்நிகழ்ச்சி ‘தட்டல்’ எனப்படும். இது நீடித்தால் பிஸ்டனின் தலை அரிக்கப்பட்டு உருகவும் கூடும்.

பெங்களூரில் காற்றழுத்தம் குறைவாதலால், இவ்வாறு திருத்திய எஞ்சின் அங்கே ஓசையின்றி ஓடலாம். அதே வண்டி ஓசூர், கிருஷ்ணகிரி வழியே சமவெளிக்கு இறங்கி, கோடை வெயிலில் முழுச் சுமையுடன் சென்னையை நோக்கிச் செல்லும்போது நிலைமை மாறுகிறது. காற்றழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. பெங்களூரின் மெலிந்த காற்றுக்கென்று கார்புரேட்டரின் ஜெட்டும் சிறிதாக்கப்பட்டிருந்தால், சமவெளியில் கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு மேலும் மிகும். மேட்டு நிலத்தில் மறைந்திருந்த குறை அப்போது வெளிப்படும். தட்டல் ஒலி கேட்டவுடன் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்திக் கீழ்க் கியருக்கு மாற்றுதல் வேண்டும். ஒலியைப் பொருட்படுத்தாது விரைதல் கூடாது.

எஞ்சினை மட்டும் திருத்திப் பிரேக்கை அவ்வாறே விட்டுவிடுதல் இன்னும் பெரிய பிழை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 100-ஐ எட்டுமானால் அதன் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்கிற்கும் அதிகமாகிறது. அவ்வாற்றல் முழுவதையும் பிரேக்கே வெப்பமாக மாற்றியாக வேண்டும்.

சட்டமும் புகையும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளர்க்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாகும். புகைக்குழாயிலுள்ள வினையூக்கிக் கலத்தை அகற்றினால் ஓசையும் சிறிது திறனும் கூடலாம். ஆனால் கார்பன் மோனாக்ஸைடு முதலிய நச்சு வாயுக்கள் மாற்றமின்றி வெளிப்படும். பள்ளி வாயிலில் நிற்கும் சிறுவர்களே அவற்றை முதலில் சுவாசிப்பர்.

முதலில் செய்யத் தக்கவை

புதிய திறனைத் தேடுமுன், இழந்த திறனை மீட்டலே அறிவுடைமை. பின்வருவனவற்றை வரிசையாகச் சோதிக்கலாம்.

1. காற்று வடிகட்டியைத் தூய்மை செய்தல் அல்லது மாற்றுதல்.
2. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியையும் பற்றவைப்பு நேரத்தையும் கையேட்டின்படி அமைத்தல்.
3. வால்வு இடைவெளியைச் சரிபார்த்தல்.
4. மூன்று சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளவி கொண்டு அளந்து ஒப்பிடுதல். ஒன்றில் மட்டும் குறைவு காணின், வால்வு, பிஸ்டன் வளையம், தலை காஸ்கெட் ஆகியவற்றுள் ஒன்றில் கசிவு உண்டு என அறியலாம்.
5. கிளச்சு வழுக்கல், பிரேக் உரசல், டயரின் காற்றுக் குறைவு ஆகியவற்றை நீக்குதல்.

இவை எதற்கும் அனுமதி வேண்டுவதில்லை, செலவும் சிறிது. இவற்றைச் செய்து முடித்தபின், வேறு திருத்தம் எதுவும் தேவையில்லை என்று பலர் உணரக்கூடும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் இப்பொருளைக் கணிதத்திற்கும் பௌதிகத்திற்கும் பயன்படுத்தலாம். சிலிண்டரின் விட்டத்தையும் வீச்சையும் கொடுத்துக் கொள்ளளவைக் காணச் செய்க. பின்னர், தம் ஊரின் உயரத்திற்கேற்ற காற்றழுத்தத்தைக் கொண்டு, அவ்வெஞ்சின் உட்கொள்ளும் காற்றின் எடையை மாணவர் கணிக்கட்டும். உதகமண்டலத்திலும் தூத்துக்குடியிலும் ஒரே வண்டி ஏன் வேறு வேறாக ஓடுகிறது என்பதை அவர்களே கண்டு கூறுவர்.

2001ஆம் ஆண்டில் பெங்களூரிலிருந்தே வெளிவந்த ரேவா என்ற சிறு மின்சார வண்டியையும் இங்கு நினைவுகூரலாம். மின் மோட்டார் காற்றை உட்கொள்வதில்லையாதலின், உயரம் அதன் திறனைக் குறைப்பதில்லை. புறப்படும் கணத்திலேயே முழு முறுக்கு விசையும் அதற்குக் கிட்டுகிறது. பெட்ரோல் எஞ்சினிடம் நாம் வற்புறுத்திப் பெற முயலும் உடன்பாய்ச்சல் அதற்கு இயல்பாகவே அமைந்துள்ளது. எந்த எஞ்சினாயினும் அதன் இயல்பையும் எல்லையையும் அறிந்து நடத்துபவரிடமே அது நெடுநாள் உழைக்கும்.