தலைநகரில் இரு மரபுத் திருமணம்: விருந்தினரை ஆயத்தம் செய்வது எப்படி?

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர் நம் முன்னோர். பயிர் செழிக்க விதை மட்டும் நன்றாயிருந்தால் போதாது. நிலமும் பண்பட்டிருத்தல் வேண்டும். மணமக்கள் விதையென்றால், இரு பக்கத்துச் சுற்றத்தாரே அந்நிலம்.

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பஞ்சாபியரோடும் பிற வடநாட்டினரோடும் மணவுறவு கொள்வது இன்று புதுமையன்று. ஒரே கல்லூரியில் பயின்றோ, ஒரே அலுவலகத்தில் பணிபுரிந்தோ மணம் செய்துகொள்ளும் இருவரும் ஒருவரையொருவர் நன்கறிவர். ஆனால், மதுரையிலிருந்து வரும் பாட்டியாரும் அமிர்தசரஸிலிருந்து வரும் பெரியவரும் முன்பின் அறியாதவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காது. அரைமனத்துடன் இசைவு தந்த முதியவர் ஒருவர், நடப்பது இன்னதென்று புரியாமல் பந்தலின் மூலையில் அமர்ந்திருப்பாராயின், அம்மனக்குறை மணமக்களின் இல்வாழ்வில் நெடுநாள் நிழலாடும். இரு மரபையும் அருகிருந்து கண்டவர்கள் டில்லிவாழ் தமிழராகிய நாமே. ஆகவே, விருந்தினரை முன்கூட்டியே ஆயத்தம் செய்யும் பொறுப்பும் நம்முடையதே.

காத்திருந்து கனிந்த மணம்

இத்தகைய மணங்கள் நேற்றுத் தோன்றியவை அல்ல. இராஜாஜியின் புதல்வி லக்ஷ்மியும் காந்தியடிகளின் இளைய புதல்வர் தேவதாஸும் ஒருவரையொருவர் விரும்பியபோது, தந்தையர் இருவரும் உடனே இசைந்துவிடவில்லை. சில ஆண்டுகள் பிரிந்து காத்திருக்குமாறு பணித்தனர். பின்னர் 1933 ஜூன் 16 அன்று பூனாவில் அத்திருமணம் நடந்தேறியது. தேவதாஸ் காந்தி பிற்காலத்தில் நம் தலைநகரில் ஹிந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியராக விளங்கினார். அக்காத்திருப்பு மணமக்களின் உறுதியைச் சோதித்ததோடு, பெரியோரின் மனம் பழகுவதற்கும் காலம் தந்தது. இந்நாளில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பார் இலர். ஆயினும் சுற்றத்தாருக்கு இரண்டு மூன்று மாத அவகாசமேனும் தருதல் நன்று.

நாளும் பயணமும்

நாள் குறிக்கும்போதே இரு பஞ்சாங்கங்களையும் பார்த்தல் வேண்டும். ஆடி கழிந்து ஆவணி பிறந்தால் நமக்கு முகூர்த்த காலம். வடநாட்டில் பலர் ஆஷாட மாதத்து வளர்பிறை ஏகாதசி முதல் கார்த்திக மாதத்து வளர்பிறை ஏகாதசி வரையுள்ள சாதுர்மாஸ்ய காலத்தில் மணம் நடத்துவதில்லை; நம் ஆவணி அதனுள் அடங்கிவிடும். மார்கழியையோ இரு திறத்தாரிலும் பெரும்பாலோர் தவிர்ப்பர். ஆதலால் தையும் மாசியும் இருவருக்கும் பொதுவாக ஒத்துவரும்.

ஆனால், தை மாதத் தொடக்கத்தில் டில்லியில் மூடுபனி மிகும். ரயில்களும் விமானங்களும் தாமதமாதல் வழக்கம். சென்னைக்கும் புது டில்லிக்கும் இடையே ரயில் வழித் தொலைவு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்தாலும் இரண்டு இரவுகள் வண்டியிலேயே கழியும். எனவே முகூர்த்தத்திற்கு இரண்டு நாள் முன்னதாகவே முதியோர் வந்து சேரும்படி ஏற்பாடு செய்க. 2024 நவம்பர் 1 முதல் ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பிருந்தே தொடங்குகிறது. அந்நாளைக் குறித்து ஊருக்குத் தெரிவித்துவிடுவது நலம்.

கம்பளி உடையே அறியாத ஊரிலிருந்து வருவோர்க்குத் தை மாதக் குளிர் எளிதன்று. இங்கே பல மணவிழாக்கள் திறந்தவெளிப் பந்தலில் இரவில் நிகழ்வன. வைகறையில் நீராடும் வழக்கமுள்ள பெரியோர்க்கு வெந்நீர், மணையில் அமர்வோர்க்குக் கனத்த விரிப்பு, ஆளுக்கொரு சால்வை, காலுறை ஆகியவற்றைத் தங்குமிடத்திலேயே வைத்துவிடுங்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

இருவேறு கடிகாரங்கள்

நம் அழைப்பிதழில் காலை 9 முதல் 10.30 வரை என்றிருந்தால், அதற்குள் மாங்கல்யதாரணம் முடிந்துவிடும். டில்லியில் இரவு 8 மணி என்று அச்சிட்டால், மாப்பிள்ளை ஊர்வலமாகிய பராத் வந்து சேரவே 10 மணியாதல் உண்டு. இதனை இரு பக்கத்தாருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. காலைச் சடங்கிற்கு வரும் வடநாட்டு நண்பர்களிடம், “தாலி கட்டும் நேரம் தள்ளிப்போகாது, ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள்” என்று அறிவியுங்கள். மாலை விழாவிற்குச் செல்லும் நம் முதியோர்க்கு முன்னதாகவே இட்லியோ தயிர்சாதமோ தந்து, சற்று ஓய்வெடுக்கச் செய்து, பின்னர் அழைத்துச் செல்லுங்கள்.

சடங்கும் அதன் உட்பொருளும்

சடங்குகளின் வரிசையைச் சொன்னால் மட்டும் போதாது. அவற்றின் பொருளையும் சொல்லுதல் வேண்டும். மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகக் காசிக்குப் புறப்படுவதைக் கண்டு, மணம் நின்றுவிட்டதோ என்று வடநாட்டு விருந்தினர் திகைக்கக்கூடும். மணமகளின் தந்தை தடுத்து அழைத்து வருவார், இது ஒரு மரபு விளையாட்டு என்று முன்பே சொன்னால் அவர்களும் சேர்ந்து மகிழ்வர். மாப்பிள்ளையின் காலணிகளை மணமகளின் தங்கையர் ஒளித்துவைத்துப் பணம் கேட்கும் ஜூத்தா சுபாயி என்னும் வழக்கமும் அத்தகைய விளையாட்டே. நம் பெரியோர் அதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டுவதில்லை. பராத்தில் உறவினர் ஆடிப்பாடி வருவதும் மகிழ்ச்சியின் அடையாளமே.

மில்னி என்னும் சடங்கிற்குத் தனி ஆயத்தம் வேண்டும். வாயிலில் தந்தையைத் தந்தையும், தாய்மாமனைத் தாய்மாமனும், சகோதரனைச் சகோதரனும் மாலையிட்டுத் தழுவி வரவேற்பர். முறையறியாத நம் மாமா பின்வரிசையில் நின்றுவிட்டால், மாலையேந்தி நிற்கும் அவர்தம் மாமா யாரைத் தழுவுவார்? ஆகவே யாருக்கு யார் இணை என்பதை முதல்நாளே எழுதி, உரியவரிடம் சொல்லிவைக்க வேண்டும். தழுவக் கூசும் பெரியவர் கைகூப்பினாலும் குறையில்லை.

ஒத்த வழக்கங்களை எடுத்துக்காட்டினால் அன்னியம் அகலும். நம் மணங்களில் மாலை மாற்றும்போது தாய்மாமன் மணப்பெண்ணைத் தூக்கிக்கொள்வார். பஞ்சாபியரில் செந்நிறமும் வெண்ணிறமும் கொண்ட சூடா வளையல்களை அணிவிப்பவரும் தாய்மாமனே. நாம் சம்பந்தி என்போம். அவர்கள் சம்தி என்பர். தீவலமும் ஏழடியும் இரு மரபிலும் உண்டு. சீக்கிய முறையான ஆனந்த் காரஜில் குரு கிரந்த சாகிபை நான்கு முறை வலம் வருவர். குருத்வாராவில் தலையை மூடி, காலணி நீக்கி, தரையில் அமர வேண்டும். கைக்குட்டை ஒன்றை எடுத்துச் செல்லுமாறு நம்மவர்க்கு நினைவூட்டுக.

உடையிலும் சிறிது கவனம் வேண்டும். கறுப்பு உடையில் வரும் நண்பரை நம் பாட்டியார் தவறாக எண்ணக்கூடும்; வெண்ணிறம் வடநாட்டில் துக்கத்திற்குரியதாதலின், நம் வெள்ளை வேட்டியைக் கண்டு அவர்கள் வியப்பதும் உண்டு. இரு பக்கத்திலும் ஒரு சொல் முன்னதாகச் சொன்னால் போதும்.

எந்த முறை செல்லும்?

தாலி கட்டுவதா, வடநாட்டு முறையில் அக்கினியை வலம் வருவதா என்று சில வீடுகளில் பூசல் எழுவதுண்டு. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மணமக்களில் எவரேனும் ஒருவரது வழக்கப்படி சடங்கு நடத்தினாலே போதும் என்கிறது. அச்சடங்கில் சப்தபதி அடங்குமாயின், ஏழாவது அடியில் மணம் நிறைவெய்தும். வேற்றுச் சமயத்தார் மணந்தால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் தேவை. எனவே இரு முறையிலும் நடத்துவது அன்பின் பொருட்டேயன்றி, யார் பெரியவர் என்று காட்டுவதற்கன்று.

ஒரு தாள், இரு துணைவர்

அழைப்பிதழுடன் தமிழிலும் ஹிந்தியிலும் ஒரே ஒரு தாள் அச்சிட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு சடங்கின் பெயர், நேரம், பொருள், அப்போது விருந்தினர் செய்ய வேண்டுவது ஆகியன இரண்டிரண்டு வரிகளில் இருந்தால் போதும். அட்சதையை இருந்த இடத்திலிருந்தே தூவலாம், இலையில் சாம்பார், ரசம், பாயசம் என முறையாக வரும் என்பன போன்ற சிறு குறிப்புகள் பெருந்துணையாகும். இரு மொழியும் அறிந்த நம் பிள்ளைகள் இருவரை, ஒருவர் தென்னாட்டு முதியோர் அருகிலும் மற்றவர் வடநாட்டு விருந்தினர் அருகிலும் அமரச் செய்யுங்கள். டில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இரு மொழியும் கைவந்தது வீண்போகாது.

பந்தலும் விளக்கும் ஓரிரவில் அகற்றப்படும். ஆனால் மதுரைப் பாட்டியார் அமிர்தசரஸ் சம்பந்தியின் கையைப் பற்றி, “எங்கள் ஊருக்கு ஒருமுறை வாருங்கள்” என்று சொல்ல, அருகிருக்கும் பேத்தி அதனை ஹிந்தியில் எடுத்துரைப்பாளாயின், அவ்வுறவு நிலைபெறும். அத்தகைய மணங்கள் நம் இல்லங்களில் பெருகுக. மணமக்கள் இரு குலத்தாரின் வாழ்த்தும் பெற்று நீடு வாழ்க!