இரண்டரை மில்லிமீட்டர் குடை!

வில்பட்டிக்குப் போயிருக்கிறீர்களா? கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டிவிட்டு, கோக்கர்ஸ் வாக்கில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய தோட்டங்களோடு இருக்கிறது அந்த ஊர். மலைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு என்று ஏதாவது ஒன்று பச்சைப் பசேலென்று நிற்கும். காலை பதினோரு மணிக்குத் தோட்டத்தில் குனிந்து களை எடுக்கிற பெண்களிடம், "வெயில் சுடலையா?" என்று கேட்டுப் பாருங்கள். "இந்தக் குளிருக்கு வெயில் இதமாத்தானே இருக்கு!" என்பார்கள்.

நிஜம்தான். இதமாகத்தான் இருக்கும். சிக்கலே அங்கேதான்!

வெயிலின் சூட்டைத்தான் நம் தோல் உணரும். கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல் செய்கிற புற ஊதாக்கதிர் சுடாது, தெரியாது. மலையில் காற்று மெலிதாக இருப்பதால், ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் இந்தக் கதிர் ஏறக்குறைய பத்து சதவிகிதம் கூடுகிறது. பழனிமலையின் உச்சிப் பகுதி 2000 மீட்டரைத் தாண்டுகிறது. ஆக, மதுரையில் வெயிலுக்குப் பயந்து நிழலில் ஒதுங்குகிறவரைவிட, கொடைக்கானல் குளிரில் சுகமாக வெயில் காய்கிறவர் மேல் விழுகிற புற ஊதாக்கதிர் அதிகமாக இருக்கலாம். வேடிக்கையாக இல்லை?

இந்தக் கதிரின் பெரும்பகுதியை வழியிலேயே தடுத்து நிறுத்துவது ஓசோன் படலம். தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவிக் கிடக்கிறது. 'படலம்' என்றதும் கனமான கம்பளி மாதிரி கற்பனை செய்துவிடாதீர்கள். நம் தலைக்கு மேல் இருக்கிற அத்தனை ஓசோனையும் தரைக்குக் கொண்டுவந்து, இங்குள்ள காற்றழுத்தத்தில் வைத்தால் அதன் கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அவ்வளவுதான் நம் குடை!

இந்த அளவை நமக்குக் கண்டுபிடித்துத் தந்ததில் கொடைக்கானலுக்கு ஒரு பங்கு உண்டு. அது பலருக்குத் தெரியாது.

1899-ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டாப்சன் என்ற விஞ்ஞானி, ஓசோனை அளக்கும் கருவிகளைச் செய்து முதலில் ஐரோப்பாவில் வைத்துப் பார்த்தார். பிறகு 1928-ல் அவற்றை உலகின் நான்கு மூலைக்கு அனுப்பினார். அமெரிக்காவின் கலிஃபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து... நாலாவது, நம்ம கொடைக்கானல்! கருவியின் தந்திரம் எளிமையானது. சூரிய ஒளியில் இரண்டு வகைப் புற ஊதாக்கதிர்களை எடுத்துக்கொள்ளும். ஒன்றை ஓசோன் நன்றாக விழுங்கும். மற்றதை அவ்வளவாகத் தொடாது. இரண்டும் தரைக்கு வந்து சேரும் விகிதத்தை ஒப்பிட்டால், நடுவில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஐரோப்பாவில் ஓசோன் வசந்தத்தில் கூடி, இலையுதிர் காலத்தில் குறைந்து ஏறி இறங்கும். கொடைக்கானலிலோ வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி. அதுவும் குறைவாக. பூமத்திய ரேகைப் பக்கம் வாழ்கிற நமக்கு இயற்கையே குடையை மெலிதாகத்தான் தந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இத்தனைக்கும் ஓசோன் அதிகம் உற்பத்தியாவது நம் வெப்பமண்டல வானத்தில்தான்! இங்கே மேலெழும்பும் காற்று அதை வாரிக்கொண்டு துருவங்களின் பக்கம் போய்விடுகிறது. இந்தக் காற்றோட்டத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அதே 1928. அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லி என்பவர் ஒரு புது வாயுவை உருவாக்கினார். அதுவரை ஃபிரிட்ஜுகளில் அம்மோனியாவும் சல்ஃபர் டை ஆக்ஸைடும் ஓடிக்கொண்டிருந்தன. கசிந்தால் ஆளையே சாய்த்துவிடும். மிட்க்லியின் வாயுவோ விஷமில்லை, தீப்பிடிக்காது. 1930-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதை மூச்சு நிறைய இழுத்து, மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார் மனிதர். கைதட்டல் எழாமல் இருக்குமா? குளோரினும் ஃபுளோரினும் கார்பனோடு சேர்ந்த இந்தக் குடும்பத்துக்குத்தான் சி.எஃப்.சி. என்று பெயர். ஃபிரிட்ஜ், ஏ.சி., ஸ்ப்ரே டப்பா, மெத்தை ஃபோம், ஆஸ்துமா இன்ஹேலர் என்று எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிட்டது.

எதோடும் வினை புரியாது என்பதுதான் அதன் பெருமை. ஆபத்தும் அதுவேதான். மழை கரைக்காது, மண் உறிஞ்சாது. கசிந்த வாயு பல ஆண்டுகள் அலைந்து, முன்னே சொன்னேனே, வெப்பமண்டலத்தில் மேலெழும்பும் அந்தக் காற்றிலேயே ஏறி ஓசோன் இருக்கும் உயரத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே புற ஊதாக்கதிர் பட்டு உடைந்து குளோரினைக் கக்குகிறது. ஒரே ஒரு குளோரின் அணு, ஓய்வதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைத் தின்று தீர்க்கலாம்! 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர் இதைச் சொன்னபோது கம்பெனிகள் நம்ப மறுத்தன. 1985-ல் அண்டார்டிகாவிலிருந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், டாப்சன் கருவியை வைத்துத்தான், ஒவ்வொரு அக்டோபரிலும் மூன்று மில்லிமீட்டராக இருந்த ஓசோன் இரண்டாகச் சுருங்கிவிட்டதைக் காட்டினார்கள். அதன் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. சி.எஃப்.சி. உற்பத்தியை 2008 ஆகஸ்ட் முதல் தேதியோடு இந்தியா நிறுத்தியது. இன்ஹேலருக்கு மட்டும் கொஞ்ச காலம் விலக்கு இருந்தது.

சரி, நிறுத்திவிட்டோம் என்று எல்லா நாடும் சொல்லலாம். நிஜமாகவே நிறுத்தினார்களா என்று எப்படித் தெரியும்? காற்றே காட்டிக்கொடுத்துவிடும்! ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலை போல, ஊர் உலகத்தின் புகை எட்டாத இடங்களில் காற்றைக் குடுவையில் பிடித்து அளக்கிறார்கள். லட்சம் கோடி மூலக்கூறுகளுக்குள் இருநூற்றுச் சொச்சம் இருந்தாலும் கருவி கண்டுபிடித்துவிடும். 1990-களின் நடுவில் 270-ஐ நெருங்கியிருந்த சி.எஃப்.சி.-11, இப்போது 220-க்குக் கீழே வந்திருக்கிறது. ஆனால் நடுவில், 2012-க்குப் பிறகு, அது இறங்கவேண்டிய வேகத்தில் இறங்கவில்லை. எங்கேயோ திருட்டுத்தனம்! 2018-ல் விஷயம் வெளியானது. கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள நிலையங்கள், காற்று எந்தத் திசையிலிருந்து வந்த நாளில் அளவு கூடுகிறது என்று பார்த்தன. கூடுதல் கசிவில் பாதி அளவு கிழக்குச் சீனாவின் ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்கள் பக்கமிருந்து வருவதாக 2019-ல் கணக்கு வந்தது. பிறகு அளவு மளமளவென்று இறங்கிவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டால் அப்படித்தானே!

"ஓட்டை அண்டார்டிகாவிலதானே, நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நம் தலைக்கு மேல் ஓட்டை கிடையாது; வெப்பமண்டலத்தில் ஓசோன் பெரிதாகக் குறையவும் இல்லை. வீணாகப் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் ஏற்கெனவே மெலிதாக இருக்கிற குடைக்குக் கீழே, மலை மேலே, வருஷம் முழுக்க வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்களே! கறுப்புத் தோலில் இருக்கும் மெலனின், தோல் புற்றுநோயிலிருந்து நம்மைப் பெருமளவு காக்கிறது. கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. புற ஊதாக்கதிர் பல ஆண்டுகள் பட்டால் கண்புரை வரும் வாய்ப்பு கூடுகிறது. வெள்ளைப் படலத்தில் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறுவதும் வெயிலில் உழைப்பவர்களிடம் அதிகம்.

தலைத்துண்டு நெற்றியைக் காக்கும், கண்ணைக் காக்காது. அகல விளிம்புள்ள தொப்பியோ பனையோலைத் தொப்பியோ நல்லது. காலை பத்து முதல் மாலை நாலு வரை கவனம் தேவை, மேகம் மூடியிருந்தாலும்கூட. கூலிங்கிளாஸ் வாங்கினால் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. சுற்றுலாத்தலத்தில் குழந்தைக்கு வாங்கித் தருகிற பொம்மைக் கண்ணாடி தேவையே இல்லை. இருட்டில் பாப்பா விரிந்து, கெட்ட கதிர் அதிகமாக உள்ளே போய்விடும்!

வீட்டு ஃபிரிட்ஜ் விஷயத்துக்கு வருவோம். சி.எஃப்.சி.க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. பூமியைச் சூடாக்குவதில் மட்டும் கெட்டிக்காரன். ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய 1400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இதையும் குறைக்க 2016-ல் கிகாலியில் உடன்பாடு வந்தது. 2021-ல் இந்தியா ஏற்றுக்கொண்டது. புது ஃபிரிட்ஜ் வாங்கும்போது பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்-600ஏ என்றிருந்தால் அது வெறும் ஐசோபியூட்டேன், இரண்டு தொல்லையும் இல்லை. தீப்பிடிக்கும் என்பதால் ரிப்பேருக்குப் பழகின மெக்கானிக்தான் வேண்டும். பழைய ஃபிரிட்ஜைக் காயலான் கடைக்குத் தூக்கிக் கொடுத்தால், குழாயை நறுக்கென்று வெட்டி 'புஸ்'ஸென்று வாயுவை விட்டுவிடுவார்கள். ஏ.சி. சர்வீஸிலும் இதே கதைதான். "வாயுவை சிலிண்டர்ல பிடிச்சுக்குவீங்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்ஹேலர் உபயோகிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது கடையில் கிடைப்பதில் சி.எஃப்.சி. இல்லை. வாயுவே இல்லாத பவுடர் வகையும் உண்டு. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் மாற்றிவிடாதீர்கள். பவுடரை வேகமாக உறிஞ்சத் தெம்பு வேண்டும். சிறு குழந்தைகளுக்கும், மூச்சு அதிகம் வாங்குகிற நேரத்திலும் அது சரிப்படாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்டுக்கொண்டால் போதும்.