பழைய மோட்டார் வண்டிக்குப் புதிய எரிபொருள் முறை



வெள்ளவத்தைக் காலி வீதியில் மாலை ஆறு மணியளவில் செல்வோர், நெருங்கி நிற்கும் வண்டிகளுக்கிடையே ஒரு பழைய மொறிஸ் மைனர் இருமி இருமி நின்றுவிடுவதைக் கண்டிருப்பர். சாரதி இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து, நோயாளியின் படுக்கையருகே நிற்பவர் போல் நிற்பார். சற்று ஆறவிட்டால் வண்டி மீண்டும் புறப்பட்டுவிடும். இத்தகைய வண்டிகளில் காபரேற்றரை அகற்றிவிட்டு, மின்னணு முறையிற் பெற்றோலை உட்செலுத்தும் அமைப்பைப் பொருத்தலாமா என்று பலர் வினவுகின்றனர். பொருத்தலாம். ஆனால், எதை மாற்றுகிறோம் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மொறிஸ் மைனர் 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை இங்கிலாந்திற் செய்யப்பட்டது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே பழைய வண்டியைப் பேணுவது நம்மிற் பலருக்குப் பொழுதுபோக்கன்று. காருக்கு வாரம் 20 லீற்றர் என்று 2022இல் அளந்து கொடுத்தபோது, ஒரு துளி பெற்றோலின் பெறுமதியையும் உணர்ந்தோம்.

காபரேற்றர் உண்மையில் ஓர் அழகிய கருவி. மைனரிலுள்ள எஸ். யு. வகையில், எஞ்சின் உறிஞ்சும் காற்றுக்கேற்ப ஒரு பிஸ்டன் எழுந்து தாழும். அதன் அடியிலுள்ள கூர்ந்த ஊசி, பெற்றோல் வரும் துவாரத்தைத் திறந்தும் ஒடுக்கியும் அளவிடும். ஒரு பங்கு பெற்றோலை முற்றாக எரிக்க நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அந்தக் கணக்கை மின்சாரமின்றி, காற்றின் இழுப்பினாலேயே அது பார்த்துக்கொள்கிறது. கலைப் பட்டதாரியாகிய என்னை இன்றும் வியக்கவைப்பது இதுவே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இவ்வெஞ்சினிற் காற்று புகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் உள்ளன. கொழும்பின் வெயிலில் வண்டி ஊர்ந்து சென்று நின்றதும், புகைக் குழாயின் சூடு மேலெழுந்து மிதவைக் கிண்ணத்திலுள்ள பெற்றோலைக் கொதிக்க வைக்கிறது. காலி வீதியில் நாம் கண்ட இருமலுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். மேலும், கடல்மட்டத்திற் சரிசெய்த காபரேற்றர், 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு ஐதான காற்றைச் சந்திக்கிறது. அங்கே பெற்றோல் மிகுந்து, கரும்புகை தோன்றும்.

புதிய முறையிற் சிறு உணரிகள் காற்றின் அமுக்கத்தையும் வெப்பத்தையும் எஞ்சினின் சுழற்சியையும் அறிந்து ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கின்றன. இன்ஜெக்டர் என்னும் மின்வால்வு எத்தனை ஆயிரத்திலொரு விநாடி திறந்திருக்க வேண்டுமென அப்பெட்டி கணித்து ஆணையிடும். புகைக் குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி, கணக்கு சரியோ பிழையோ என்று திரும்ப அறிவிக்கும். ஈயம் கலந்த பெற்றோல் இவ்வுணரியைக் கெடுத்துவிடும். 2002இல் அப்பெற்றோல் இந்நாட்டில் ஒழிந்தபின் அந்தத் தடை நீங்கிற்று.

இனி மாற்றும் வேலை. பழைய பம்பு சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தல் அமுக்கமே தரும். புதியதற்கு, முறைக்கேற்ப, 15 முதல் 45 இறாத்தல் வரை தேவை. பழைய இறப்பர்க் குழாயையும் கவ்விகளையும் அப்படியே விட்டு இப்பம்பைப் பூட்டுவது பேராபத்து. குழாய் வெடித்தாற் பெற்றோல் சீறிப் பாய்வது சூடான புகைக் குழாயின் மேலேதான். அமுக்கம் தாங்கும் குழாய், தாங்கிக்கு மீளும் வழி, எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்தும் ஏற்பாடு, மோதலின்போது மின்னைத் துண்டிக்கும் ஆளி ஆகியவற்றில் ஒரு சதமேனும் மிச்சம் பிடித்தலாகாது.

மின்சாரத்தையும் மாற்ற வேண்டும். மைனரிற் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். புதிய பெட்டிக்கு எதிர்முனை இணைய வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ தரும் மின் போதாது. ஒல்ரனேற்றர் பொருத்த வேண்டும்.

மற்றொரு சிக்கலைப் பலர் அறியார். இவ்வெஞ்சினின் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று புகும் வாயில்கள் இரண்டே. ஒரே இலையில் இருவர் உண்ண அமர்ந்தாற்போல, பக்கத்துச் சிலிண்டரின் பங்கை மற்றது இழுத்துக்கொள்ளும். வாயிலருகே இன்ஜெக்டர் வைத்தால் நேரக் கணக்கு மிக நுட்பமாக இருத்தல் வேண்டும். காபரேற்றர் இருந்த இடத்திலேயே ஓர் இன்ஜெக்டரை வைப்பது எளிது. இதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த மினி காருக்கு 1990களின் முற்பகுதியில் றோவர் நிறுவனம் செய்ததும் அதுவே.

நாள்தோறும் நெரிசலில் ஓடும் வண்டிக்கு இம்மாற்றம் பயன் தரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் புறப்படும் வண்டிக்கு வீண்செலவு என்பது என் எண்ணம். காபரேற்றரைப் பழிக்குமுன், அதன் தேய்ந்த தண்டின் வழியாகக் காற்று கசிகிறதா, வடிகட்டி அடைத்ததா, தீப்பொறி வலுவாக உள்ளதா என்று பார்க்கவேண்டும். இக்குறைகள் இருக்கையில் எந்தப் பெட்டியும் பயன் தராது.

பஞ்சிகாவத்தையில் ஜப்பானிய வண்டிகளின் உணரிகளும் பம்புகளும் வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் எழுதும் கணக்கைக் கடையில் வாங்க முடியாது. அதனை உங்கள் எஞ்சினுக்கென ஓட்டிப் பார்த்தே அமைக்க வேண்டும். கொட்டாஞ்சேனையிற் காதாற் கேட்டே எஞ்சினைச் சரிசெய்யும் மெக்கானிக்குமாருக்கு இவ்வேலை புதிது. ஆதலால், எந்தக் கம்பி எங்கே செல்கிறதென்று ஒரு படம் வரைவித்து வண்டியிலேயே வையுங்கள். கழற்றிய காபரேற்றரை எண்ணெய்த் துணியிற் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். பழையபடி பூட்ட வேண்டிய நாளும் வரலாம்.