சவரக்கத்தியின் விளிம்பும் சாணைக்கல்லும்

1665ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ‘மைக்ரோகிராபியா’ என்னும் நூலில், இராபர்ட் ஹூக் தம் நுண்ணோக்கியின் கீழ் முதற்கண் வைத்து ஆராய்ந்தது ஓர் ஊசியின் முனை. அடுத்து வைத்தது, கல்லில் நன்கு தீட்டப்பெற்ற சவரக்கத்தியின் விளிம்பு. வெறுங்கண்ணுக்கு அகலமே இல்லாத கோடாகத் தோன்றிய அவ்விளிம்பு, வில்லையின் வழியே நோக்கியபோது தடித்த கத்தியொன்றின் முதுகளவு அகன்று, கரடுமுரடாகக் கிடந்தது. அதனை ஒட்டிய பக்கங்களில் இணை இணையாக வரப்புகளும் சால்களும் ஓடின. அவை கல் உழுத தடங்கள். கத்தி தீட்டக் கற்பவர் உளங்கொள்ள வேண்டிய அடிப்படை இதுவே: கல் எஃகைக் கீறுகிறது. அக்கீறல்களின் ஆழத்தையும், அவை விளிம்பைச் சென்று முட்டும் முறையையும் நம் ஆளுகைக்குள் கொண்டுவருவதே தீட்டுதல்.

பிடிக்குள் மடங்கும் பழைய சவரக்கத்தியை வடித்தவர்கள், தீட்டும் கோணத்தை அதன் உடலிலேயே பொதிந்து வைத்தனர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் செருமனியின் சோலிங்கனிலும் செய்யப்பெற்ற கத்திகளில் முதுகு ஐந்தாறு மில்லிமீட்டர் தடித்திருக்கும். முதுகிலிருந்து விளிம்புவரை அலகின் அகலம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். கத்தியைக் கல்லின்மேல் படுக்க வைத்தால் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லைத் தொடும். அந்நிலையில் தேய்த்தால், இருபுறச் சாய்முகங்களும் கூடி அமையும் கோணம் 16 பாகை அளவில் தானே வந்து நிற்கும். அடுக்களைக் கத்திக்குக் கோணம் பிடிக்கக் கைப்பழக்கம் வேண்டும். இங்கே அவ்வேலையை முதுகு பார்த்துக்கொள்கிறது; ஆகவே தீட்டும்போது முதுகைக் கல்லினின்று இம்மியும் தூக்கலாகாது. அலகின் இடைப்பகுதி உட்குழிவாகக் கடையப்பட்டிருப்பதால் கல்லில் படுவதில்லை. என்னைக் கேட்டால், மனிதன் செய்த கைக்கருவிகளுள் இத்துணை அறிவார்ந்த அமைப்புடையவை மிகச் சிலவே.

கல் மட்டமாக இல்லாவிடில் இவ்வடிவியல் முழுவதும் பாழ். கல்லின் முகத்தில் கரிக்கோலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு, வைரத்துகள் பதித்த தகட்டில் நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். ஓரங்களில் கோடு அழிந்து நடுவில் எஞ்சியிருந்தால் நடுவில் பள்ளம் உண்டு என்று பொருள். கடைசிக் கோடும் மறையும்வரை கத்தியைக் கையில் எடுக்க வேண்டாம்.

கற்களின் எண் பெருகப் பெருக அவற்றின் துகள் சிறுக்கும். ஜப்பானியத் தர அளவின்படி 1000 எண் கல்லின் துகள் ஏறக்குறைய 11.5 மைக்ரான்; 8000 எண் கல்லில் அது 1.2 மைக்ரான். மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்; தலைமயிரின் தடிப்பு பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான்வரை இருக்கும். புதிதாகக் கற்போர் பலர், மென்மையான கல்லில்தான் கூர் பிறக்கிறது என்று எண்ணி அதற்கு விரைகின்றனர். கூர் பிறப்பது 1000 எண் கல்லில். இரு சாய்முகங்களும் அலகின் அடிமுதல் நுனிவரை ஒரே கோட்டில் ஒன்றையொன்று தொடுமாறு செய்வது அக்கல்லின் பணி. அது முடியாமல் அடுத்த கல்லுக்குப் போனால், எத்துணை நேரம் தேய்த்தாலும் பளபளப்பான மொட்டை விளிம்பே கிடைக்கும்.

முகங்கள் கூடினவா என்று அறிவது எப்படி? விளிம்பை ஒட்டிச் சாய்முகம் முழுவதும் அழியா மை பூசி, கல்லில் நான்கைந்து முறை ஓட்டுக. மை அழிந்த இடம் கல் தொட்ட இடம். விளிம்போரம் மயிரிழை அளவு கறுப்பு எஞ்சியிருந்தாலும் வேலை முடியவில்லை. பின்னர், விளிம்பு மேல்நோக்கி இருக்குமாறு கத்தியைப் பிடித்து, விளக்கொளியில் நேர்மேலிருந்து பார்க்க வேண்டும். எங்கேனும் வெள்ளைப் பொட்டொன்று மின்னினால், அங்கே ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவுக்குத் தட்டையான பரப்பு உண்டு. நன்கு தீட்டிய விளிம்பின் அகலம் அரை மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான்வரை. ஆதலால் அத்தகைய விளிம்பை எந்த ஒளி நுண்ணோக்கியும் தெளிவுறக் காட்டாது. அதற்கு மின்னணு நுண்ணோக்கி வேண்டும். ஹூக்கின் வில்லையில் அத்துணை அகன்று தெரிந்த கத்தி, இன்றைய அளவில் மழுங்கலே.

முகங்கள் கூடியபின் கையழுத்தம் குறைய வேண்டும். விளிம்பருகே எஃகு மிக மெலிந்திருப்பதால், அழுத்தினால் வளைந்து கொடுக்கும். தேய்ந்த எஃகு பிரிந்து விழாமல் மறுபுறம் மடங்கிப் பிசிறாக நிற்கும். கத்தியின் எடையோடு விரலின் எடை சற்றே சேர்ந்தால் போதும். விளிம்பு முன்செல்லத் தள்ளுக. கல்லின் கடைக்கோடியில் முதுகின்மேல் புரட்டி மறுபக்கம் இழுக்க. கல்லின்மேல் நிற்கும் நீர் விளிம்பின் முன்னே சுருண்டு அலகின்மேல் ஏறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீளம் முழுவதும் நீர் அவ்வாறு ஏறினால் விளிம்பு முழுவதும் கல்லில் படிந்துள்ளது. இந்த ஒரு காட்சி கற்றுத்தருவதைப் பல பக்க விளக்கமும் கற்றுத்தராது.

எஃகும் கவனிக்கத்தக்கது. ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு கரிமம் சேர்ந்த இரும்பைச் செந்நிறமாகக் காய்ச்சி, விரைந்து குளிர்வித்து, மீண்டும் மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்துவர். மைக்கேல் பாரடே, ஸ்டோடார்ட் என்னும் இலண்டன் கத்தி வினைஞரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இல் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் அமைந்தவற்றுள், தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்த எஃகும் ஒன்று.

இயற்கைக் கற்களுள் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சாம் ஊரைச் சுற்றி அகழப்படும் மஞ்சள் நிறக் கோத்திக்யூல் தனிச்சிறப்புடையது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடியில் படிந்த வண்டல், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, மாங்கனீசு மிகுந்த கார்னெட் மணிகள் செறிந்த கல்லாயிற்று. அம்மணிகள் சில மைக்ரான் அளவின. அவற்றின் முகங்கள் விரிகோணத்தில் கூடுவதால், எஃகில் அவை கிழிக்கும் கீறல் ஆழமற்றது. அதே வகைச் சிறு கல்லொன்றால் நீர்விட்டு உரைத்தால் பால்போன்ற குழம்பு எழும். குழம்பில் தீட்டினால் எஃகு விரைந்து தேயும். ஆயின் உருண்டோடும் தனித்துகள்கள் விளிம்பின்மேலேயே மோதி அதனைச் சற்று மழுக்கவும் செய்யும். ஆகவே துளித்துளியாக நீர் சேர்த்துக் குழம்பை நெகிழ்த்திக்கொண்டே போய், கடைசியில் தெளிந்த நீரில் முடிப்பர். ஒரே கல் தொடக்கத்தில் முரட்டுக் கல்லாகவும் இறுதியில் மெருகுக் கல்லாகவும் நடக்கும் விந்தையை வேறெங்கும் எளிதில் காண இயலாது.

கல்வேலை முடிந்தபின் துணிவாரிலும் தோல்வாரிலும், முதுகு முன்செல்ல, மாறிமாறி இழுப்பர். தோல்வாரில் விளிம்பை முன்செலுத்தினால் தோலும் அறுபடும், கூரும் கெடும். பின்னர், விரல்களிடையே தொங்கவிட்ட மயிரொன்றை விளிம்பில் வைத்துத் தள்ளாமல் தொட்டாலே அது அறுந்து விழ வேண்டும்.

எஃகு மயிரைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. அப்படியிருக்க, மென்மயிர் அதனை மழுக்குவது எவ்வாறு? அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் இதற்கு விடை தந்தனர். சவர அலகால் மயிரை அறுத்து, அவ்வலகை மின்னணு நுண்ணோக்கியில் நோக்கியபோது, விளிம்பு தேய்ந்து உருண்டு போவதைவிட நுண்சில்லுகளாகப் பெயர்வதையே கண்டனர். எஃகின் உள்ளமைப்பு சீரற்றிருக்கும் இடத்தில், சாய்ந்து வளையும் மயிரொன்று குறிப்பிட்ட வகையில் முட்டினால், அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து சில்லு தெறிக்கிறது. நாள்தோறும் தோல்வாரில் இழுத்தும் மழிப்பு இழுபடத் தொடங்கினால், இத்தகைய நுண்சில்லுகள் பெருகிவிட்டன என்று கொள்ளலாம். அப்போது 8000 எண் கல்லிலோ, தெளிநீர்விட்ட கோத்திக்யூலிலோ மெல்லச் சில முறை ஓட்டினால் போதும். சாய்முகங்கள் முன்னரே கூடியுள்ளமையால் முரட்டுக்கல் வேண்டுவதில்லை. விளிம்பில் கண்ணுக்குத் தெரியும் பல் விழுந்திருந்தால் மட்டும், மை பூசி, 1000 எண் கல்லிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும்.